மழையங்கியும் மாற்றுச்சேலையும்

மழையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவை ஏராளம். கார்காலம் முழுவதையும் ஒரு பெண்ணின் காத்திருப்பாக மாற்றிவைத்த மரபு நம்முடையது. ஆனால் அந்த மழைக்குள் தேரோட்டி வந்த தலைவன் எதைப் போர்த்திக்கொண்டு வந்தான் என்று புலவர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலை இடையனுக்குத்தான் இருந்திருக்கிறது. நற்றிணையின் 142ஆம் பாட்டில் ஓர் இடையன் வருகிறான். முதுகில் ஓலைப்பாய். கையில் கோல். தூறல் அவனை ஒருபக்கமாக நனைத்துக்கொண்டிருக்க, கோலின்மேல் சாய்ந்து நின்றபடி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த "ஒருபக்கம்" என்பதை நான் வெகுகாலம் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறேன். மழையில் வேலை செய்து பழகிய ஒருவன் முழுக்க நனையாமல் இருப்பான் என்று அந்தப் புலவர் நினைக்கவில்லை. ஓலைப்பாய் ஒருபக்கத்தைக் காக்கும். மறுபக்கம் நனையும். அதோடு அவன் நின்றுகொண்டிருப்பான். மழைக்கான உடையைப் பற்றி இத்தனை நேர்மையான ஒரு சித்திரத்தை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களில் இப்போது நெடுநடை செல்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒருநாள் மலையேற்றத்தைச் சொல்லவில்லை. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், முதுகுப்பையில் வீட்டைச் சுமந்துகொண்டு நடப்பதைச் சொல்கிறேன். அவர்கள் கிளம்புமுன் தவறாமல் கேட்கும் கேள்வி: "எந்த ரெயின்கோட்டு வாங்கலாம்?" ஒருகாலத்தில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒற்றை வரியில் பதில் இருந்தது. அந்தப் பதில் ஒரு மனிதரை ஏறக்குறைய கொன்றிருக்கும் என்பதால், இப்போது கொஞ்சம் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன்.

*

அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களின் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அதில் வட கரோலினாவுக்கும் டென்னஸிக்கும் இடையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரில் மட்டும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் முகட்டின்மீதே நடக்கவேண்டும். அந்த முகடுகளில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. முழுப்பாதையின் உச்சமான 2,025 மீட்டர் சிகரம் அங்குதான் இருக்கிறது. நாங்கள் போனபோது அதன் பெயர் கிளிங்மன்ஸ் டோம். 2024இல் செரோக்கி மக்களின் பழைய பெயரான குவோஹி அதற்குத் திரும்பக் கிடைத்தது.

2017 ஏப்ரலில் அங்கே என்னுடன் வந்தவர் என்னைவிட எட்டு வயது இளைய நண்பர். மதுரைக்காரர். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். அவருக்கு அது முதல் நெடுநடை. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு மழையங்கி பற்றிக் கேட்டார். "காசு பாக்காத. நல்ல மென்படலம் வெச்ச ஜாக்கெட்டா வாங்கு. அதுக்கப்புறம் மழையப் பத்தி யோசிக்கவே வேணாம்" என்றேன். அவரும் நானூறு டாலருக்கு மேல் கொடுத்து, நன்றாக ஆய்ந்து, நான் சொன்னபடியே ஒன்றை வாங்கினார்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. நான்கைந்து டிகிரிக் குளிர். நண்பர் கம்பளித்துணி போன்ற தடித்த மேற்சட்டைக்கு மேல் அங்கியைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, தலைமூடியை இறுக்கிக்கொண்டு நடந்தார். நான் வேகமாக நடப்பவன். என்னோடு சேர்ந்து வரவேண்டும் என்பதற்காக அவரும் ஏற்றத்தில் மூச்சிரைக்க வந்தார். முகட்டை அடைந்ததும் காற்று. ஒரு பாறை மறைவில் மதிய உணவுக்காக நின்றோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பேசவில்லை என்பதைப் பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். முதுகுப்பையின் இடுப்புக் கொக்கியைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் கொக்கியைக் கண்டுபிடித்தன. என்ன செய்யவேண்டும் என்பதுதான் அவற்றுக்குத் தெரியவில்லை.

"என்னப்பா, குளிருதா?"

"இல்லண்ணே... நல்லாத்தான் இருக்கேன்." நாக்கு குழறியது.

அங்கியைத் திறந்தேன். உட்புறம் வெளிப்புறத்தைவிட ஈரமாக இருந்தது. உள்ளிருந்த சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வந்திருக்கும். மழைநீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அத்தனையும் அவருடைய வியர்வை. மாற்றுடை எடுக்கலாம் என்று அவர் பையைத் திறந்தால், பைக்கு மேல் போடும் உறை காற்றில் நழுவி அதுவும் நனைந்திருந்தது. என்னுடைய உலர்ந்த சட்டையையும் குல்லாவையும் மாட்டிவிட்டு, வாயில் இனிப்பைத் திணித்து, அடுத்த தங்குமிடம்வரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். மூன்றுபக்கம் கல்சுவர் கொண்ட கொட்டகை அது. அங்கே முன்பே வந்திருந்த இருவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தார்கள். என் உறக்கப்பைக்குள் அவரைப் படுக்கவைத்தோம். அவர் நடுங்கத் தொடங்க நெடுநேரம் ஆயிற்று. அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் அடைந்த நிம்மதியை வேறு எப்போதும் அடைந்ததில்லை. உடல் நடுங்குகிறது என்றால் அது இன்னும் போராடுகிறது என்று பொருள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கி தன் வேலையைச் செய்திருந்தது. அது செய்யாத வேலையைச் செய்யும் என்று சொன்னவன் நான்.

*

"மூச்சுவிடும் துணி" என்ற சொற்றொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். நீர்புகாத் துணியின் வரலாறு முழுவதுமே இந்த ஒரு சிக்கலின் வரலாறுதான். 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேகின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் இரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை பெற்றார். அது மழையைத் தடுத்தது. கூடவே வியர்வையையும் உள்ளேயே அடைத்தது. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, எப்போதும் நாறியது. இரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்தபிறகு பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன. வியர்வை தீரவில்லை.

1969இல் அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்ளான் தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுந்துபோகாமல் பலமடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறியது. துளைகள் நீர்த்துளி நுழையமுடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. 1970களின் நடுவில் அது கோர்-டெக்ஸ் என்ற பெயரில் ஆடையாக வந்தது. மேகின்டாஷின் சிக்கல் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

உண்மையில் அது பாதி தீர்ந்திருக்கிறது. நீராவி தானாக வெளியே போகாது. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். வியர்த்த உடலை ஒட்டி, 35 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 56 ஹெக்டாபாஸ்கல். வெளியே 5 டிகிரிக் குளிரில் மழை பெய்கிறதென்றால் அங்கே சுமார் 9. வேறுபாடு 47. வெளியே 25 டிகிரி கோடைமழை என்றால் அங்கே சுமார் 32. வேறுபாடு 24. அதாவது வெப்பமான மழையில் வியர்வையை வெளித்தள்ளும் விசை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அப்படியானால் குளிர்மழையில் நன்றாக வேலை செய்யவேண்டுமே என்று கேட்கலாம். அங்கே வேறொரு சங்கடம். ஆவி வெளியேறுமுன்பே குளிர்ந்த துணியின் உட்புறத்தில் பட்டு மீண்டும் நீராகிவிடுகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகப் பூப்பதைப்போல, அங்கியின் உட்புறத்தில்.

விற்பனை அட்டைகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம், பெரும்பாலும் மில்லிமீட்டரில். 10,000 என்றால் பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும். இந்த எண்ணை ஓரளவு நம்பலாம். மற்றொன்று, ஒருநாளில் ஒரு சதுரமீட்டர் வழியாக எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. 20,000 என்று போட்டிருந்தால் மணிக்கு எண்ணூறு கிராமுக்கும் மேல். சுமையுடன் ஏற்றத்தில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். கணக்கு சரியாகத்தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் அந்த எண் ஆய்வகத்தில், மழையே இல்லாத சூழலில், புதுத்துணியில், முதுகுப்பை அழுத்தாத நிலையில் அளக்கப்பட்டது. முதுகுப்பை போட்ட கணமே முதுகுப்பக்கம் முழுவதும் அடைபட்டுவிடுகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. மென்படலத்துக்கு மேலேயுள்ள வெளித்துணியில் நீர் உருண்டோட ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது தாமரை இலையில்போல நீர் உருளும். நெடுநடையில் இரண்டு வாரம் முதுகுப்பையின் பட்டைகள் உரசினால் தோள்களில் அது போய்விடும். அப்போது வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். படலம் மழையை இன்னமும் தடுக்கும், ஆனால் ஈரத்துணி மூடியபின் அதற்கு மூச்சுவிட வழியில்லை. அணிந்தவர் உள்ளே நனைந்து, "ஒழுகுகிறது" என்று அங்கியைத் திட்டுவார். உரிய திரவத்தில் துவைத்து மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். காட்டுக்குள் அதற்கு வழியில்லை.

அந்தப் பூச்சுக்கும் ஒரு கதை உண்டு. பல பத்தாண்டுகளாக அதில் இருந்தவை ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்கள். எளிதில் சிதையாதவை என்பதே அவற்றின் பெருமை, அதுவே அவற்றின் கேடும். ஆற்றிலும் மண்ணிலும் நம் இரத்தத்திலும் அவை அப்படியே தங்குகின்றன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அத்தகைய பொருள்கள் கலந்த துணிகளின் விற்பனைக்குத் தடை. கடும் ஈரச்சூழலுக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். ஃபுளோரின் இல்லாத புதிய பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்குகின்றன. எண்ணெய்ப்பசையை அவ்வளவாக விலக்குவதில்லை. ஆகவே உடலின் பிசுக்கும் அழுக்கும் அவற்றை விரைவில் செயலிழக்கச் செய்கின்றன, அடிக்கடி துவைக்கவேண்டியிருக்கிறது. இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. காட்டின் நீரை அள்ளிக் குடித்துக்கொண்டே நடப்பவர்கள் அந்த நீரில் நஞ்சைக் கலக்கும் துணிக்காக ஏங்குவது எனக்கு விளங்கவில்லை.

*

ஆக, என் கருத்து இதுதான். நெடுநடையில் பகல் முழுதும் மழையில் நடப்பவர் நனைவார். மழையால் நனையாவிட்டால் வியர்வையால் நனைவார். இதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் மழையங்கியிடம் கேட்கவேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. "உலர்ந்திருக்க எது உதவும்?" என்பதை விட்டுவிட்டு, "நனைந்தபிறகும் சூடாக இருக்க எது உதவும்?" என்று கேட்கத் தொடங்குவோம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நனைந்த உடல்மீது காற்று வீசாமல் தடுப்பதுதான் அங்கியின் முதல் கடமை. மழையைத் தடுப்பது இரண்டாவது.

இந்தக் கேள்விக்கு இடத்துக்கு இடம் பதில் வேறு. விர்ஜீனியாவின் கோடைமழையில், மரங்களடர்ந்த பாதையில், எனக்கு மிகவும் பிடித்தது சாதாரணக் குடை. சிரிக்கவேண்டாம். நெடுநடையர்கள் பலருக்கு இலேசான சுமையின் இலக்கணத்தைக் கற்றுத்தந்த ரே ஜார்டின், பசிபிக் முகட்டுப் பாதைக்கு அவர் 1992இல் வெளியிட்ட கையேட்டிலிருந்தே குடையை வலியுறுத்தியவர். குடைக்குக் கீழே காற்று தடையின்றி ஓடும். எந்த மென்படலமும் அதனோடு போட்டியிட முடியாது. அதன் எதிரிகள் இரண்டு: காற்றும் புதரும். ஆகவே மரமற்ற முகடுகளில் அது சுமை மட்டுமே.

பான்ச்சோ எனப்படும் தொளதொளப் போர்வை முதுகுப்பையையும் சேர்த்து மூடும். கீழே திறந்திருப்பதால் வியர்வை தங்காது. இரவில் கட்டி நிறுத்தினால் கூரையாகவும் ஆகும். காற்றில் படபடத்து முகத்தில் அறையும் என்பதுதான் அதன் குணக்கேடு. நெய்யாத பாலிபுரோப்பிலீன் துணியில் மலிவாகக் கிடைக்கும் மழையுடைகளும் உண்டு. மிக இலேசானவை, வியப்பூட்டும் அளவுக்கு நன்றாகவே மூச்சுவிடுபவை. ஒரு முள் போதும், கிழிந்துவிடும். ஒட்டுநாடா போட்டு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அதிலேயே நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளுக்குப் போனால் இந்தச் சிக்கனப்பேச்சை எல்லாம் நான் மூட்டைகட்டிவிடுவேன். 1,917 மீட்டர் மட்டுமே உயரமுள்ள மவுண்ட் வாஷிங்டனில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதை அங்குள்ள வானிலை நிலையத்தார் அளந்தார்கள். அப்பலாச்சியன் பாதை அந்தச் சிகரத்தின் மீதே ஏறிச் செல்கிறது. கோடையிலும் அங்கே உறைகுளிர் வரும். அங்கே வேண்டியது தலைமூடியும் உறுதியான ஜிப்பும் கொண்ட, தையல்கள் ஒட்டி அடைக்கப்பட்ட முழு அங்கி. அக்குளுக்குக் கீழே திறந்துகொள்ளும் ஜிப் இருக்கவேண்டும். விலையுயர்ந்த மென்படலத்தைவிட அந்த இரண்டு ஜிப்புகள் அதிக வியர்வையை வெளியேற்றும் என்பது என் அனுபவம். காலுக்கும் காற்றைத் தடுக்கும் மழைக்காற்சட்டை வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கதகதப்பைக் கைவிடாதது கம்பளி. பருத்தி அந்தக் குளிரில் துரோகி. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வெப்பத்தை வழியனுப்பிவிடும்.

*

இந்த இடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல் கேட்கும். "எம்மா கேட்வுட் பாட்டியைப் பார். குளியலறைத் திரையைப் போர்த்திக்கொண்டு முழுப்பாதையையும் நடந்துவிட்டார். உனக்கெதற்கு இத்தனை ஆராய்ச்சி?" நெடுநடையர் கூடும் இடமெல்லாம் இந்த வாதம் வந்துவிடும்.

அவர் கதை மெய்யானது. 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண்மணி அவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். நெடுங்காலம் கணவனிடம் அடிபட்டு, பின்னர் மணவிலக்குப் பெற்றவர். கையால் தைத்த டெனிம் பை, கான்வாஸ் காலணி, ஒரு பிளாஸ்டிக் குளியல்திரை ஆகியவைதான் அவர் கருவிகள். அந்த ஆகஸ்டில் கானி, டயான் என்ற இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்துக் கிழக்குக் கரையைத் தாக்கின. அந்த மழைக்குள்தான் அவர் நடந்தார்.

ஆனால் இந்தக் கதையைக் கருவிகளுக்கு எதிரான சான்றாக மாற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரிடம் அந்தத் திரைதான் இருந்தது. வழியெங்கும் மனிதர்கள் அவருக்குச் சோறும் படுக்கையும் தந்தார்கள். முந்தைய ஆண்டு மெய்னில் தொடங்கி, வழிதவறி, கண்ணாடி உடைந்து திரும்பிப்போனவரும் அவரேதான். அந்தத் தோல்வியைச் சொல்லாமல் திரையை மட்டும் சொல்பவர்கள் வறுமையை ஒரு நடையழகாக்கிவிடுகிறார்கள். கருவியை வழிபடுவதும் கருவியை இகழ்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும், இரண்டும் பேசுவது கருவியைப் பற்றித்தான். நடப்பவரின் உடலைப் பற்றியோ, அன்றைய வானிலையைப் பற்றியோ இரண்டும் பேசுவதில்லை. என் நண்பரிடம் நான் செய்த தவறும் அதுவே. அவர் எவ்வளவு வியர்ப்பவர், என்னோடு நடந்தால் என்ன வேகத்தில் நடக்கவேண்டியிருக்கும் என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொருளின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவின் நினைவு வருகிறது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை அங்கே வாரக்கணக்கில் விடாது. அந்த மழையில் அவள் கறுப்புக் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்வாள். இடுப்பில் சாக்கு. அதன்மேல் பிளாஸ்டிக் தாள். கம்பளி நனைந்தால் தூக்கமுடியாத கனம். மழைக்கு எது நல்லது என்று அவளை யாரும் கேட்டதில்லை. தேர்ந்தெடுப்பது என்ற சொல்லே அவள் வாழ்க்கையில் அந்த இடத்தில் கிடையாது. குளிர்கிறது என்று பாதியில் திரும்பவும் முடியாது. கூடை நிறையவேண்டும். நானூறு டாலர் அங்கியைப் பற்றிக் கட்டுரை எழுதும் பேரனுக்கு இது மறந்துபோகக் கூடாது.

ஆனால் அவளிடம் ஒரு நியமம் இருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் எப்போதும் ஒரு சேலை தொங்கும். புகைநாற்றம் பிடித்த பழஞ்சேலை. வேலை முடிந்து வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், முதலில் அதை மாற்றிக்கொள்வாள். சிறுவனாக நான் ஒருமுறை விளையாட்டுக்கு அதை எடுத்து நனைத்துவிட்டபோது, அதுவரை என்னை அடித்தறியாதவள் அடித்தாள். "உடுத்துனது நனையலாம்டா. மாத்துச்சேல நனையக்கூடாது" என்றாள்.

நெடுநடைக்கான மழைக்கருவிகளைப் பற்றிப் பிற்காலத்தில் நான் படித்த அத்தனை நூல்களின் சாரமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஸ்மோக்கி மலையில் அது என் காதில் விழாமல் போனது.

*

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் பணத்தை மழையங்கியில் போடாதீர்கள். முதுகுப்பைக்குள் போடும் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று வாங்குங்கள். குப்பைக்கூடைக்குப் போடும் பெரிய பையே போதும். பைக்கு மேலே மாட்டும் உறையை நம்பவேண்டாம், அது நழுவும். உள்ளே அந்தப் பையின் வாயை முறுக்கிக் கட்டி, அதற்குள் உறக்கப்பையும் ஒரு முழுமாற்றுடையும் வையுங்கள். பகலில் எத்தனை குளிர்ந்தாலும், கூடாரமோ கொட்டகையோ கிடைக்கும்வரை, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர அதைத் தொடாதீர்கள். காலையில் மீண்டும் நேற்றைய ஈர உடைக்குள்தான் நுழையவேண்டும். நெடுநடையின் மிகக் கசப்பான இரண்டு நிமிடங்கள் அவை. கடந்துவிடலாம்.

அடுத்து, போகும் இடம், மாதம், உயரம், காற்று ஆகியவற்றைப் பார்த்து அங்கியைத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய அங்கியோடு வீட்டருகே ஒரு மழைநாளில், நிறைத்த முதுகுப்பையைச் சுமந்து, ஒரு மணிநேரம் ஏற்றத்தில் நடந்து பாருங்கள். மழை இல்லாவிட்டால் மாடிப்படிகளில் ஏறி இறங்குங்கள். உட்புறம் எப்போது ஈரமாகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த விற்பனை அட்டையும் அதைச் சொல்லாது. ஏற்றம் தொடங்குமுன் உள்ளே அணிந்திருப்பதில் ஒன்றைக் கழற்றுங்கள். முதல் பத்து நிமிடம் குளிரவேண்டும். குளிராவிட்டால் அதிகமாக அணிந்திருக்கிறீர்கள். ஜிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். நின்றவுடன் மூடுங்கள். கூட வருபவர் பேசுவதை நிறுத்திவிட்டால் நீங்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் விரல்களைப் பாருங்கள்.

நண்பர் அடுத்த ஆண்டும் வந்தார். அதே விலையுயர்ந்த அங்கிதான். அதை மாற்றவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏற்றங்களில் அதைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு, மெல்லிய கம்பளிச்சட்டையில் தூறலோடு தூறலாக ஏறினார். முகட்டில் காற்று முகத்தில் அடித்ததும் நின்று அணிந்துகொண்டார். அவருடைய வேகத்தில்தான் இருவரும் நடந்தோம். மாலையில் கொட்டகையை அடைந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், உள்பையை அவிழ்த்து உலர்ந்த சட்டையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்து, "மாத்துச்சேல பத்திரமா இருக்குண்ணே" என்றார்.